'நம்ம ஆளு' என்னும் வில்லங்கம்

பத்து சென்ட் மனையோ இரண்டு ஏக்கர் புஞ்சையோ வாங்கலாமென்று வாயைத் திறந்தால் கள்ளக்குறிச்சி மாவட்டத்து ரிஷிவந்தியம் பக்கத்தில் கிடைக்கும் முதல் புத்திமதி இது: "மொதல்ல ஒரு நல்ல புரோக்கரப் புடி. நாலு மாசம் பழகு. அவருக்கு ஒன் மேல ஒரு பாசம் வந்துட்டா நல்ல எடமா அவரே கொண்டாந்து காட்டுவாரு." பகண்டை கூட்டுரோட்டு டீக்கடையில் இதைச் சொல்கிறார்கள். யூடியூபில் ரியல் எஸ்டேட் வகுப்பு எடுப்பவர்கள் கோட்டு மாட்டிக்கொண்டு இதையே சொல்கிறார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஊரில் நாலு காசை மண்ணில் போட நினைத்தால் அப்பா போனில் சொல்வதும் இதுதான். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனாலும் இது தப்பான புத்திமதி. தரகரிடம் பழகப் பழக, எந்தக் கேள்வியைக் கேட்டால் பணம் தப்புமோ அந்தக் கேள்வியைக் கேட்க வாங்குபவருக்கு நா எழாமல் போகிறது.

தரகர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. எந்த வீட்டில் தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறார்கள், யாருக்குக் கரும்புப் பணம் வராமல் வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது, எந்த அண்ணன் தம்பிகள் பேசிக்கொள்வதில்லை, யார் நிலத்தை விற்க மனசு வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவர்கள் விரல் நுனியில் இருக்கும். எங்கள் பக்கம் விற்கிற நிலத்தில் பலகை நட மாட்டார்கள். விற்கப் போகிறோம் என்று வெளியே தெரிவதே கௌரவக் குறைச்சல். ஆகவே தகவலுக்குத் தரகர் வேண்டும். அந்தத் தகவலுக்குக் கூலி கொடுப்பதும் நியாயம். தகவலை வாங்கப் போன இடத்தில் நம்பிக்கையையும் சேர்த்து ஒப்படைத்துவிட்டு வருகிறோமே, தகராறு அங்கேதான்.

கணக்கைப் பார்த்துவிடலாம். ஒரு ஏக்கர் 20 லட்சம் என்றும், தரகு நூற்றுக்கு இரண்டு என்றும் வைத்துக்கொள்வோம். வியாபாரம் முடிந்தால் தரகருக்கு உங்களிடமிருந்து 40,000 ரூபாய். அவர் உங்களுக்காக விற்பவரிடம் மல்லுக்கட்டி ஒரு லட்சம் குறைத்தால் உங்களுக்கு மிச்சம் ஒரு லட்சம். அவருக்கோ 2,000 ரூபாய் நஷ்டம். நிலத்தில் ஒரு சிக்கல் இருப்பதைக் கண்டுபிடித்து, "இது வேணாம்ண்ணா, விட்டுடுங்க" என்று சொன்னால் அவருக்கு 40,000 போச்சு. விற்பவரிடமும் கமிஷன் பேசியிருந்தால் 80,000 போச்சு. இத்தனை நாள் பைக்கில் பெட்ரோல் போட்டு உங்களைச் சுற்றிக் காட்டியதும் வீண். இவ்வளவையும் இழந்து நம்மைக் காப்பாற்ற வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது அவருடைய நாணயத்தை அல்ல, தியாகத்தை. மாதத்துக்கு ஒரு வியாபாரம் முடிந்தாலே பெரிய விஷயம் என்று இருக்கும் குடும்பஸ்தனிடம் அதைக் கேட்பது அநியாயம்.

இது நம் ஊர்க்காரர்களின் குணக்கேடு என்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் சிகாகோ வட்டாரத்தில் நடந்த ஏறத்தாழ ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை எடுத்து ஆராய்ந்து 2008இல் கட்டுரை வெளியிட்டார்கள். உரிமம் பெற்ற முகவர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது வாடிக்கையாளர் வீட்டைவிடச் சுமார் பத்து நாள் அதிகம் காத்திருந்தார்கள். 3 சதவீதத்துக்கு மேல் கூடுதல் விலையும் பார்த்தார்கள். அடுத்தவர் வீடு என்றால், வந்த விலைக்குத் தள்ளிவிடு. உரிமமும் சட்டமும் கண்காணிப்பும் உள்ள நாட்டிலேயே கமிஷன் கணக்கு இப்படித்தான் வேலை செய்கிறது.

"அதெல்லாம் வெளியூர்ல. நம்ம ஊர்ல ஏமாத்திட்டு அவன் எங்க போயிடுவான்? நாளைக்கு மூஞ்சில முழிக்கணும் இல்ல?" என்பார்கள். எதிர்க்கட்சியின் பலமான வாதம் இதுதான்; ஒரு காலத்தில் உண்மையாகவும் இருந்தது. வாங்கியவர், விற்றவர், தரகர் மூவரும் ஒரே ஊரில், ஒரே ஏரித் தண்ணீரில் பிழைத்த காலத்தில், பொய் சொன்ன தரகரை அடுத்த வியாபாரத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். கெட்ட பேருக்குப் பயந்துதான் நாணயம் நின்றது. இன்று வாங்குபவர் யார்? பெங்களூரிலோ சென்னையிலோ துபாயிலோ இருக்கிறவர். ஆயுளில் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை நிலம் வாங்குவார். தரகருக்கு அவர் திரும்பி வரப்போகிற ஆள் இல்லை. மனைப்பிரிவு போடும் புரமோட்டர் திரும்பத் திரும்ப வருவார். நிலத்தை அடமானமாகப் பிடிக்கும் வட்டிக்காரர் வருவார். மேட்டூரிலும் சேலத்திலும் உட்கார்ந்துகொண்டு ஏக்கர் ஏக்கராக அக்ரிமென்ட் போடும் முதலாளிகள் வருவார்கள். தரகர் உண்மையிலேயே காப்பாற்றிக்கொள்ள வேண்டிய உறவு அவர்களோடுதான். நாலு மாசம் டீ வாங்கிக் கொடுத்துப் பழகிய நீங்கள் அந்த வரிசையில் கடைசி ஆள்.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாகத் தொடங்கப்பட்ட பிறகு இந்த வரிசை இன்னும் நீண்டுவிட்டது. வெளியூர்க்காரர்களுக்கு ரிஷிவந்தியம் என்றால் 2011இல் விஜயகாந்த் ஜெயித்த தொகுதி, அதற்குமேல் தெரியாது. இப்போது பக்கத்திலுள்ள வாணாபுரம் தனி வட்டம். உளுந்தூர்பேட்டை சிப்காட்டில் தைவான் நிறுவனம் 2,302 கோடி ரூபாயில் காலணித் தொழிற்சாலை கட்ட 2023இல் அரசோடு ஒப்பந்தம் போட்டது. 20,000 பேருக்கு வேலை என்றார்கள். ஒப்பந்தம் உண்மை. ஆனால் அந்தத் தொழிற்சாலைக்கும் மணலூர்பேட்டைப் பக்கத்து மானாவாரிக் காட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், "ஷூ கம்பெனி வருதுண்ணா, இப்ப விட்டா அப்புறம் புடிக்க முடியாது" என்பதுதான் பதில். அந்நியர் சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவோம். நாலு மாசம் பழகியவர் சொன்னால் அது உள்தகவல் ஆகிவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். பத்திரம் எழுதுபவருக்கு 1982ஆம் ஆண்டு ஆவண எழுத்தர் விதிகளின்படி உரிமம் வேண்டும். பதிவு செய்பவர் அரசு ஊழியர். அளப்பவர் அரசு சர்வேயர். கருத்துச் சொல்லும் வக்கீல் பார் கவுன்சிலில் பதிந்தவர். மொத்த வியாபாரத்தையும் முன்னின்று நடத்தி வைக்கும் தரகருக்கு மட்டும் ஒன்றும் வேண்டாம். "ரேரா வந்துடுச்சே" என்பார்கள். 2016இல் இயற்றி 2017 மே முதல் முழுதாக நடைமுறைக்கு வந்த அந்த ரியல் எஸ்டேட் சட்டம் முகவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. மீறினால் நாளுக்கு 10,000 ரூபாய் அபராதம் என்றும் சொல்கிறது. ஆனால் 9ஆம் பிரிவை நிதானமாகப் படிக்க வேண்டும். பதிவு பெற்ற மனைப்பிரிவு அல்லது அடுக்குமாடித் திட்டத்தில் புரமோட்டர் விற்கும் மனையை, வீட்டை விற்றுத் தரும் முகவருக்குத்தான் அந்தக் கட்டாயம். ஒரு விவசாயி இன்னொருவருக்கு விற்கும் ஒன்றரை ஏக்கரில் நடுவில் நிற்பவரை அது தொடவே தொடாது. எங்கள் பக்கத்து வியாபாரம் பெரும்பாலும் அந்த வகைதான். ஏமாந்தால் புகார் கொடுக்கத் தனி ஆணையம் கிடையாது. போலீஸ், சிவில் கோர்ட், பஞ்சாயத்து. மூன்றிலும் கேட்கும் முதல் கேள்வி, "கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

மேற்கே இந்த 'முகவரோடு உறவு' பாடம் எந்த மண்ணில் விளைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் முகவருக்கு மாநில உரிமம் உண்டு. சொத்துரிமையில் கோளாறு வந்தால் ஈடுகட்டக் காப்பீடு உண்டு. முன்பணம் மூன்றாம் நபர் கணக்கில் நிற்கும். அங்கேயே 2023 அக்டோபரில் மிசௌரியில் ஒரு ஜூரி, கமிஷனைக் கூடிப் பேசி உயர்த்தி வைத்திருந்ததாக முகவர் சங்கத்துக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் எதிராகத் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்த சமரசத்தின்படி 2024 ஆகஸ்ட் முதல், வீட்டைக் காட்டுவதற்கு முன்பே கூலி எவ்வளவு என்று வாங்குபவரோடு எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். உறவு உறவு என்று பேசிய நாடு கடைசியில் காகிதத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. நாம் அவர்களுடைய காப்பீட்டையும் எடுத்துக்கொள்ளவில்லை, காகிதத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை. பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். அது நம்மிடம் ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருந்தது.

இனி, பழக்கம் என்ன செய்கிறது என்று கிட்டத்தில் பார்ப்போம். தரகர் உங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டார். உங்கள் பையன் காதுகுத்துக்கு மொய் வைத்துவிட்டார். வரப்பில் நடந்துகொண்டே கேட்கிறீர்கள்: "அந்த மூலைல யாரோ உளுந்து போட்டிருக்காங்களே?" "நம்ம பசங்கதாண்ணா. சும்மா போட்டுக்கறான். சொன்னா எடுத்துடுவான்." அந்நியராக இருந்திருந்தால் அடுத்த கேள்வி கேட்டிருப்பீர்கள்: எந்தப் பையன், எத்தனை வருஷமாக, வாரமா குத்தகையா? இப்போது கேட்டால் அவரைச் சந்தேகப்பட்டது போலாகுமே என்று விட்டுவிடுகிறீர்கள். உளுந்து போட்டவர் பதிவு பெற்ற குத்தகைதாரராக இருந்தால் 1955ஆம் ஆண்டு குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவர் பக்கம். அதுமட்டுமா? சொத்து மாற்றுச் சட்டம் 3ஆம் பிரிவின்படி, நிலத்தில் ஒருவர் அனுபவத்தில் இருந்தால் அவருக்கு என்ன உரிமையோ அது வாங்குபவருக்குத் தெரியும் என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும். விசாரித்திருக்க வேண்டும், விசாரிக்காதது உன் தப்பு. 'தரகர் ஒண்ணும் இல்லைன்னாரு' என்பது அங்கே செல்லாது. ஒரு கேள்வியை மரியாதைக்காக விழுங்கியதற்கு இதுதான் விலை.

பெண்கள் கையெழுத்து விஷயமும் இதே கதை. "தங்கச்சிங்களுக்கு அப்பவே சீர் செஞ்சாச்சுண்ணா. அவங்க வர மாட்டாங்க. வேணும்னா அப்புறமா ஒரு கையெழுத்து வாங்கிக்கலாம்." இந்த வாக்கியத்தைக் கேட்காமல் எங்கள் பக்கம் நிலம் வாங்கியவர் குறைவு. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்றைக்குத் திருமணமாகாத மகள்களுக்குக் குடும்பச் சொத்தில் மகன்களுக்குச் சமமான பங்கு வந்துவிட்டது. 2005இல் நாடு முழுக்க மகள் என்றாலே பங்கு என்றானது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில், அந்த உரிமை பிறப்பால் வருவது, 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதுகூட இல்லை என்று உச்சநீதிமன்றம் அடித்துச் சொன்னது. நம் தமிழ்நாட்டு வழக்கான அருணாச்சல கவுண்டர் வழக்கில், 1938இல் கோர்ட் ஏலத்தில் ஒருவர் வாங்கிய சொத்து 1949இல் அவர் இறந்தபின் மகளுக்குப் போக வேண்டியதுதான் என்று 2022 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. எழுபது வருஷம் கழித்து! சீர் செய்தது பத்திரம் ஆகாது. தங்கச்சிகள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து ரேகை வைக்காமல் அந்த நிலத்தில் நீங்கள் வாங்குவது அண்ணன்களின் பங்கை மட்டும். அதைத் தரகரும் அறிவார். ஆனால் விற்பவர் வீட்டுக்குள் தகராறைக் கிளப்பினால் வியாபாரம் ஆறு மாசம் தள்ளிப்போகும்.

"வில்லங்கம் போட்டுப் பாத்துட்டேன், கிளியரா இருக்கு" என்பது அடுத்தது. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டும்தான் வரும். வாய்ப்பேச்சில் நடந்த பாகம், பதியாத உயில், நடந்துகொண்டிருக்கும் கோர்ட் வழக்கு இதெல்லாம் அதில் வராது. வழக்கு நடக்கும் சொத்தை வாங்கினால் தீர்ப்பு வாங்கியவரையும் கட்டும். பட்டாவாவது நிலைத்து நிற்குமா என்றால், 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்னும் நில உடைமைக் கணக்கெடுப்பில் பெயர் மாறிப்போய், பரப்பு குறைந்துபோய் இன்றைக்கும் கோட்டாட்சியர் அலுவலகப் படியேறிக்கொண்டிருப்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. பதிவானால் போதும் என்றும் இருக்க முடியாது. கே. கோபி வழக்கில் 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் வேலை இல்லை என்று சொல்லி, மூலப்பத்திரம் கேட்கும் தமிழ்நாட்டு விதியையே ரத்து செய்தது. அதன்பின் சட்டத்தைத் திருத்த அரசு முனைந்தது வேறு கதை. சார்பதிவாளர்கூட உரிமைக்கு உத்தரவாதம் இல்லை என்றிருக்கும்போது, மாட்டுத் தரகிலிருந்து மனைத் தரகுக்கு வந்தவர் "நான் இருக்கறேன்ல" என்பது என்ன உத்தரவாதம்?

நம் பகுதிக்கென்று உள்ள சிக்கல்கள் வேறு. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்கீர் 1891இல் கொடுத்த அறிக்கையின் பேரில் 1892 முதல் தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒப்படைத்த பஞ்சமி நிலங்கள், டி.சி. நிலம் என்று கிராமத்தில் பெயர். பத்து வருஷம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அந்த மக்களுக்குள்தான் கைமாறலாம் என்பது நிபந்தனை. எத்தனை கை மாறியிருந்தாலும் நிபந்தனை அழியாது. கோயில் நிலத்தை விற்க அறநிலையத்துறை ஆணையர் அனுமதி வேண்டும். கல்வராயன் மலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை அது. "மேல ஏக்கர் சல்லிசுண்ணா, ரிசார்ட் போடலாம்" என்று கூட்டிப்போகிறவர்கள் உண்டு. வன உரிமைச் சட்டத்தில் கிடைத்த பட்டா, பிள்ளைகளுக்குப் போகுமே தவிர யாருக்கும் விற்கவோ மாற்றவோ முடியாது என்று அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவே சொல்கிறது. மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துக்குப் பத்தாயிரம் இருபதாயிரம் கொடுத்து வெள்ளைத்தாளில் கைநாட்டு வாங்குவதற்குப் பெயர் கிரயம் இல்லை. அதில் ஏமாறுவது வாங்குபவர் மட்டுமல்ல.

இதில் அரசாங்கத்துக்கே சறுக்கல் உண்டு. புது மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகத்தை வீரசோழபுரத்தில் அர்த்தநாரீஸ்வரர் கோயில் நிலத்தில் கட்டத் திட்டமிட்டார்கள். கோயில் நிலத்தை அப்படி எடுக்கலாமா என்று வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. அ பதிவேடும் வரைபடமும் சர்வேயரும் அரசு வக்கீலும் சொந்தத்தில் வைத்திருக்கும் மாவட்ட நிர்வாகம் மாட்டிக்கொண்ட இடத்தில், பழக்கத்தை மட்டும் நம்பி நாம் இறங்குகிறோம்.

சரி, யாரிடம்தான் பழகுவது? பெண் கொடுப்பதாக இருந்தால் கல்யாணத் தரகர் சொன்னதை வைத்து யாரும் தட்டு மாற்றுவதில்லை. மாப்பிள்ளை ஊருக்குப் போய், சொல்லாமல் கொள்ளாமல் பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்து விசாரிப்போம். நிலத்துக்கும் பக்கத்து வீடு உண்டு. எந்தக் கிரயப் பத்திரத்திலும் கடைசியில் சொத்து விவரம் இருக்கும்; அதில் செக்குபந்தி என்று நாலு எல்லை எழுதியிருப்பார்கள். இன்னார் நிலத்துக்கு வடக்கு, இன்னார் நிலத்துக்கு மேற்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு, ஏரி வாய்க்காலுக்குக் கிழக்கு, இதற்குட்பட்டது இத்தனை சென்ட். கையெழுத்துப் போடும்வரை வாங்குபவர்கள் பெரும்பாலும் படிக்காத பாகம் இது. நான் முதலில் படிப்பது அதைத்தான். அந்த இரண்டு 'இன்னார்'களையும் தேடிப் போய்ப் பாருங்கள். தரகர் இல்லாமல், காலை ஏழு மணிக்கு, அவர்கள் மோட்டார் போட வரும் நேரத்தில்.

அவர்களிடம் பேசினால் நிலம் முழுசாக வெளியே வரும். வண்டிப்பாதை என்று பத்திரத்தில் இருப்பது உண்மையில் யாருடைய பட்டாவிலோ ஓடுகிறது, மூன்றாவது வருஷம் மரவள்ளி ஏற்றப் போன டிராக்டரை மறித்துவிட்டார்கள் என்பது தெரியும். கிணற்றில் நாலில் ஒரு பாகம் என்று எழுதியிருப்பார்கள். ஆனால் முறைத் தண்ணீர் யாருக்கு எந்தக் கிழமை, கோடையில் முறை உண்டா, மின் இணைப்பு செத்துப்போன தாத்தா பெயரிலேயே இருக்கிறதா, மோட்டார் எரிந்தால் யார் செலவு என்பதெல்லாம் பங்காளிக்குத்தான் தெரியும். புது விவசாய இணைப்புக்கு மனு போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கும் ஊர் இது. தண்ணீர் முறை இல்லாத 'கால் பாகக் கிணறு' வெறும் எழுத்து. தெற்குப் பக்கத்துக்காரர் இரண்டு கட்டு வரப்பைத் தள்ளி உழுது பத்து வருஷமாகிறது என்பதை அவரே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுவார். புலப்பட நகலைக் கையில் வைத்துக்கொண்டு சர்வே கல் எங்கே என்று கேட்டால் சிரிப்பு கொஞ்சம் குறையும். மழை பெய்தால் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், எந்த போர் ஆயிரம் அடிக்குப் போயும் புகை மட்டும் கிளப்பியது, எதற்காக இந்த நிலம் ஏற்கெனவே இரண்டு தடவை பேசி உடைந்தது, எல்லாம் அங்கேதான் இருக்கிறது. பக்கத்து நிலத்துக்காரருக்குக் கமிஷன் இல்லை. அவருக்கும் ஒரு கணக்கு இருக்கலாம். தானே வாங்க ஆசைப்பட்டு உங்களைப் பயமுறுத்தலாம். அதனால்தான் ஒருவரைக் கேட்காமல் இருவரையும் கேட்க வேண்டும். எப்படியும் நாளைக்கு நீங்கள் வரப்பைப் பங்கு போட்டுக்கொண்டு வாழப்போவது இவர்களோடுதான். தரகர் பதிவு முடிந்த அன்று சாயந்திரமே அடுத்த பார்ட்டியைப் பார்க்கப் போய்விடுவார்.

ஒரு மறுப்பு மிச்சமிருக்கிறது. ஆபீஸ் வேலை யார் பார்ப்பது? வெளியூரில் இருப்பவர் கிராம நிர்வாக அலுவலரைத் தேடி அலைய முடியுமா? முன்பு முடியாமல் இருந்தது. இன்றைக்கு வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். பட்டா, அ பதிவேடு, புலப்படம் எல்லாம் போனிலேயே வரும். வழக்கு இருக்கிறதா என்று கோர்ட் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். மூலப்பத்திரத்திலிருந்து கோர்வையாகப் படித்துப் பார்க்க ஒரு சிவில் வக்கீலுக்குச் சில ஆயிரம் கொடுங்கள். தரகர் சிபாரிசு செய்யும் வக்கீலாக மட்டும் அவர் இருக்கக் கூடாது. விலையில் நூற்றுக்கு ஒன்பது முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் முணுமுணுக்காமல் கட்டுகிறோம். தரகுக்கு ஒன்றோ இரண்டோ கொடுக்கிறோம். நமக்காக மட்டும் வேலை செய்யும் ஒரே ஆளான வக்கீலுக்கு மட்டும் கை நடுங்குகிறது.

2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியத் தடை போட்டபோது என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். அதற்கு முந்தைய வருஷங்களில் 'நம்ம ஆளு' காட்டினாரென்று கரும்புக் காட்டில் கல் நட்ட மனைகளை வாங்கியவர்கள், விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் நின்றார்கள். 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. வரன்முறைக் கட்டணத்தையும் வளர்ச்சிக் கட்டணத்தையும் கட்டியது மனைக்காரர்கள். எந்தத் தரகராவது வாங்கிய கமிஷனைத் திருப்பிக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கேட்டவரும் இல்லை. பழகிய மனுஷனிடம் எப்படிக் கேட்பது?

ஆகவே தரகரைக் கூப்பிடுங்கள், கூலியை முதல் நாளே பேசுங்கள். எவ்வளவு, யாரிடம், எப்போது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். விற்பவரிடமும் வாங்குகிறாரா என்று முகத்துக்கு நேராகக் கேளுங்கள். கமிஷன் பதிவு முடிந்த பிறகு. அட்வான்ஸ் அவர் கையில் கொடுக்க வேண்டாம். விற்பவர் வங்கிக் கணக்குக்கு அனுப்பி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். விலையை விற்பவர் வாயால் ஒரு தடவை கேளுங்கள். 18க்கு முடித்துவிட்டு 21 என்று சொல்லி நடுவில் மூன்று லட்சம் 'மேல வைக்கிற' வித்தை, இருவரும் நேரில் பார்க்காதவரைதான் பலிக்கும். ஒப்பந்தச் சட்டம் 216ஆம் பிரிவு, முகவர் மறைத்துச் சம்பாதித்த அந்த லாபத்தை அமர்த்தியவரே கேட்டு வாங்கலாம் என்கிறது. கோர்ட்டுக்குப் போய் அதை வாங்குவதைவிட, விற்பவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுவது சுலபம். பவர் பத்திரத்தில் விற்கிறேன் என்றால், பவர் கொடுத்தவரைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். வெறும் பவரும் ஒப்பந்தமும் கிரயம் ஆகாது என்று 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கிலேயே உச்சநீதிமன்றம் முடித்துவிட்டது.

இப்படியெல்லாம் கேட்டால் தரகர் கோபித்துக்கொள்வார் என்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும். கூலியை எழுதச் சொன்னதற்கே கோபித்துக்கொள்கிறவர் காட்டும் நிலத்தைப் பார்க்காமல் இருப்பதே லாபம். தியாகதுருகத்திலிருந்து மணலூர்பேட்டை வரைக்கும் தரகர்களுக்கா பஞ்சம்? எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன் என்று ஒருவர் வந்தால் அவருக்குப் பேசின கமிஷனை ஒரு ரூபாய் குறைக்காமல், பதிவு நாளன்றே எண்ணிக் கொடுத்துவிடுங்கள். மொய் வைக்க வேண்டியதில்லை.